ஏழாயிரம் கிலோமீட்டர்

பையின் வாயை முறுக்கி, ரப்பர் வளையத்தை மூன்று சுற்றுப் போட்டுவிட்டு, தலையைத் தூக்காமலே கேட்டாள்: "தூரம் எவ்வளவு தம்பி?"

"தூரம் எதுக்கு? நேரத்தையே சொல்றேன். ஆறு மணி நேரம்." முதலாளியின் அக்கா மகன் விமான நேரம் அச்சடித்த தாளை ஆட்டிக் காட்டினான். "பத்துக்குக் கிளம்புது, நாலுக்கு இறங்குது. விரல் விட்டு எண்ணிக்குங்க."

"தூரத்தைச் சொல்லுங்க."

"ஏழாயிரம் கிலோமீட்டர். போதுமா?"

வண்ணமீன் ஏற்றுமதிக் கொட்டகையில் இருபத்திரண்டு வருடமாகப் பை கட்டுகிறவள். எல்லோருக்கும் பையக்கா. விமானத்தில் அதன் அடிவயிற்றைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. ஆனாலும் எந்த ஊருக்கு எவ்வளவு நேரம் என்பது அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. பையில் கால் பங்கு தண்ணீர், மிச்சம் ஆக்சிஜன். பயணம் நீள நீள மீன் குறைய வேண்டும்.

"நாலாயிரம் கிலோமீட்டருக்கே அஞ்சரை மணி நேரம் ஆகுதே. ஏழாயிரத்துக்கு எப்படி ஆறு? ஒன்பதரையாவது ஆகும். பைக்கு இருபது தங்கமீனுக்கு மேல போட்டா தாங்காது தம்பி."

"நீங்க எந்த விமானம் ஓட்டினீங்கக்கா?"

கொட்டகையே சிரித்தது. அவளும் கொஞ்சம் சிரித்து வைத்தாள்.

"அச்சடிச்ச தாள் பொய் சொல்லுமா? முப்பது போடுங்க. இருபதுன்னா பெட்டி கூடும், மாமா என் தோலை உரிச்சிடுவாரு. உங்களால முடியலைன்னா விட்டுடுங்க. தண்ணி மாத்துற பொண்ணு கட்டட்டும்."

கடைசி வார்த்தையை அவன் சிரிக்காமல் சொன்னான். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே மரத்துப்போன அவள் கணவர் ஆறு வருடமாக வீட்டில் படுத்திருக்கிறார். அவள் கை ஓய்ந்தால் அடுப்பும் ஓயும்.

முப்பது போட்டாள். முப்பதாவது மீனின் வாலை விரலால் உள்ளே தள்ள வேண்டியிருந்தது.

அடுத்த நாள் காலையில் மீன் வாங்கியவரிடமிருந்து தொலைபேசி வந்தது. முதலாளி வெகுநேரம் 'ம்' கொட்டிக் கேட்டுவிட்டு இருவரையும் கூப்பிட்டார். அந்த ஊர்க் கடிகாரம் இங்கேயுள்ளதைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறதாம். கிளம்பியது இந்த ஊர் நேரம், இறங்கியது அந்த ஊர் நேரம். பயணம் ஒன்பதரை மணி நேரம். பெட்டிகளைத் திறந்தால் ஒரு மீன் பாக்கியில்லாமல் செத்து வயிற்றைக் காட்டி மிதந்ததாம்.

அக்கா மகன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவன் நேத்து வந்தவன். இத்தனை வருஷமா கட்டுறே, உனக்குமா தெரியல?"

"தெரியும் முதலாளி. சொன்னேன்."

"சொன்னா ஆச்சா? தெரியாம செஞ்சவனையாவது மன்னிக்கலாம். நீ தெரிஞ்சே கட்டியிருக்கியே."

அவளுக்கு அவர் சொன்னது சரி என்று பட்டதுதான் பொறுக்கவில்லை.

"நாளையிலேர்ந்து வர வேண்டாம்," என்றார்.

மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்தாள். கணவரைப் புரட்டி முதுகைத் துடைத்தாள். வேலைக்கு நேரமாகவில்லையா என்று அவர் கேட்டார். இன்று லீவு என்றாள். பத்து மணிக்குப் பக்கத்துத் தெரு சலவைக் கடையில் போய் ஆள் வேண்டுமா என்று கேட்டாள். இஸ்திரிப் பெட்டி போடத் தெரியுமா என்றார்கள். தெரியாது என்றாள். அடுத்த மாதம் வந்து பார்க்கச் சொன்னார்கள். கொட்டகையில் தண்ணி மாத்துற பெண் பை கட்டினாள். மத்தியானம் மழை பெய்தது.