பாவு போட்ட தெருவில் வாசிப்பு வகுப்பு

1. ஈரக் காலடிகள்

"வாசிப்பு வகுப்பை இந்தப் பருவத்தோட நிறுத்திக்கலாம் மேடம்" என்றார் பல்கலைக்கழகப் பேராசிரியை. நான் வகுப்பறைத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலிலிருந்து கடைசி பெஞ்சு வரை சின்னச் சின்ன ஈரக் காலடிகள். ஜன்னல் வெயிலில் ஒவ்வொன்றாகக் காய்ந்து மறைந்துகொண்டிருந்தன.

ஆரணி வட்டார வள மையத்தில் நான் ஆசிரியர் பயிற்றுநராக இருந்தேன். எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைகளைக் கண்டுபிடித்து, அவர்களுக்கு வேண்டியதைச் செய்துகொடுப்பது வேலை. உண்மையில் பாதி நாள் ஒரு ஆபீஸில் சொன்னதை இன்னொரு ஆபீஸில் போய்ச் சொல்வதுதான் வேலை. ரிட்டயர் ஆன பிறகும் புதிதாகச் சேர்ந்த பயிற்றுநர்கள் போன் செய்து, "மூணு டிபார்ட்மென்ட்டை எப்படி மேடம் ஒண்ணா உட்கார வெச்சீங்க?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நெசவாளர் தெருவை ஒட்டிய நகராட்சிப் பள்ளி அது. பல்கலைக்கழகக் கல்வியியல் துறையோடு சேர்ந்து அங்கே ஒரு வாசிப்பு வகுப்பு நடத்தினோம். பி.எட். மாணவிகள் வேலூரிலிருந்து பஸ் பிடித்து வருவார்கள். முதல் பீரியடில் ஆளுக்கு இரண்டு பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கதைப்புத்தகம் படிக்க வைப்பார்கள். மதியம் அவர்களுக்குக் காலேஜ் உண்டு என்பதால் வேறு நேரம் கிடையாது. பையன்கள் தேறிவிட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அதனால்தான் பேராசிரியை நிறுத்தலாம் என்றார்.

அவர்களில் ஒருத்தி கௌசல்யா. பள்ளி மணி அடிக்கிற நேரத்துக்குத்தான் அவர்கள் தெருவுக்கு நகராட்சித் தண்ணீர் வரும். அம்மா தறி வேலையில் இருப்பாள். குடம் தூக்குவது கௌசல்யா. பாவாடை நனைய ஓடி வந்து சேரும்போது வாசிப்பு வகுப்பு முடிந்திருக்கும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்கள் படிக்கும்போது வாயை மட்டும் அசைப்பாள். அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்குப் போக வேண்டும். அங்கே அந்தக் கூட்டத்தில் இவளை யார் தேடிப் பிடித்துப் படிக்க வைப்பார்கள்? அந்தக் கவலை என்னைத் தூங்க விடவில்லை.

2. இன்ஜினியர் வாயைக் கொடுத்தது

தண்ணீர் விடும் நேரத்தை மாற்றினால் போதும் என்று நினைத்தேன். பேராசிரியையையும் தலைமையாசிரியரையும் கூட்டிக்கொண்டு நகராட்சி இன்ஜினியரிடம் போனேன். மனிதர் கோபப்படவில்லை. இது அந்தத் தெருக்காரர்களே கேட்டு வாங்கிய நேரம் என்றார். விடிந்ததும் அங்கே பாவு போடுவார்கள். அதாவது சேலைக்கு வேண்டிய பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இழை இழையாகப் பிரித்து, அறுந்ததை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிடுவார்கள். அந்த நேரத்தில் குடமும் தண்ணீருமாக யாரும் குறுக்கே போக முடியாது. ஒரு சொட்டு தெறித்தாலும் பட்டு வீண். சாயங்காலத் தண்ணீரோ ஊரின் மறுபக்கத்துக்குப் போகிறது.

நான் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கவும் அவருக்கு அலுத்துவிட்டது.

"என்னா டீச்சர் பேஜாரா பூட்ச்சு. பாவு போடற நேரத்துல அந்தத் தெருவுல ஒரு வண்டி வராது, ஒரு சத்தம் கெடையாது. பேசாம அங்கயே கிளாஸ் வெச்சிக்கங்களேன்."

தலைமையாசிரியர் சிரித்தார். நானும் சிரித்தேன். பேராசிரியை சிரிக்கவில்லை. தன் மாணவிகள் விடியற்காலையில் வேலூரிலிருந்து எப்படி வருவார்கள் என்று அவர் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். நான் உடனே இன்ஜினியர் பக்கம் திரும்பி, மாணவிகள் முந்தின இரவே வந்து தங்க நகராட்சி சமுதாயக் கூடத்தின் மாடி அறை காலியாகத்தானே இருக்கிறது என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் அந்த வாரமே அறைக்கு லைட்டும் பாத்ரூமுக்குத் தாழ்ப்பாளும் போட்டுக் கொடுத்தார். தெருவில் நடக்கும் வகுப்பையே வாசிப்பு வகுப்பாக எடுத்துக்கொள்ளத் தலைமையாசிரியரும் சம்மதித்தார்.

3. அப்புறம் என்னா ஆச்சு?

தெருப் பெண்கள் நிபந்தனை போட்டார்கள். பேனா கூடாது, மை தெறிக்கும். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு நூல் பக்கம் வரக் கூடாது. ஓடக் கூடாது. எல்லாவற்றுக்கும் சரி என்றோம்.

அந்தக் காலைகள் இன்னும் என் கனவில் வருகின்றன. பனி முழுதும் விலகியிருக்காது. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மாம்பழ மஞ்சளில் ஒரு நாள், மயில் கழுத்து நிறத்தில் ஒரு நாள், பட்டு இழைகள் இடுப்புயரத்தில் மிதக்கும். அவற்றின் இரு பக்கமும் பெண்கள் மெல்ல நடந்துகொண்டிருப்பார்கள். சுவரோரம் சாக்கு விரித்துப் பிள்ளைகள். முணுமுணுவென்று படிக்கும் சத்தம். நான் எதற்கு வந்தேன் என்பதே சில சமயம் மறந்துபோகும்.

கௌசல்யா முதலில் அங்கேயும் வாயைத்தான் அசைத்தாள். ஒரு நாள் காக்கா, நரி, கிணறு என்று ஏதோ ஒரு கதை. மாணவி விரலை வைத்துக் காட்டக் காட்ட, கௌசல்யாவிடமிருந்து எழுத்து எழுத்தாகச் சத்தம் வந்தது. நரி கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற இடத்தில் பக்கம் முடிந்தது. அவள் புத்தகத்தை மூடிவிட்டாள். அப்போதுதான் கவனித்தேன், தெருவில் பேச்சே இல்லை. பெண்களின் கை மட்டும் இழையில் ஓடிக்கொண்டிருந்தது.

பாவின் நடுவில் நின்றிருந்த அவள் அம்மா மஞ்சுளா தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அப்புறம் அந்த நரி என்னாடி ஆச்சு? பாதில வுட்டுட்டு குந்திகினு கீற. நாங்கல்லாம் கேட்டுகினுதான கீறோம்."

கௌசல்யா மாணவியைப் பார்த்தாள். மாணவி மீதிக் கதையைத் தானே சொல்லிவிடவில்லை. அவளுக்கு நான் கோயில் கட்டலாம். பிள்ளை புத்தகத்தைத் திறந்து, அடுத்த பக்கத்தைத் தானே விரல் வைத்துப் படித்தாள். தப்பும் தவறுமாகத்தான். நரி கிணற்றிலிருந்து வெளியே வருவதற்குள் பாவே சுருட்டி முடித்துவிட்டார்கள். ஒருத்தியும் வீட்டுக்குள் போகவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்தப் பருவத்தோடு பேராசிரியை எதையும் நிறுத்தவில்லை. புதிதாக வந்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆபீஸ்களை ஒன்றாக உட்கார வைப்பதோடு வேலை முடியாது. படிக்கிற பிள்ளைக்குக் கேட்க ஆள் இருக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீர் நேரம் கடைசி வரை மாறவில்லை. நரிக் கதை படித்த அன்றும் கௌசல்யா குடம் தூக்கிவிட்டு லேட்டாகத்தான் பள்ளிக்கு வந்தாள். பாவாடை சொட்டச் சொட்ட உள்ளே போனாள். அவள் உட்கார்ந்த பிறகு எட்டிப் பார்த்தேன். ஈரக் காலடிகள் முதல் பெஞ்சோடு நின்றிருந்தன.