ஹனீபாக் காக்கா கேட்ட ஆறு எழுத்துகள்

விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒரு பெயர் சொன்னார்கள். பாண்டிருப்பில் எங்கள் கிணற்றடியில் நின்ற எனக்குக் காற்று பாதிப் பெயரைத்தான் கொண்டுவந்தது. மீதியை, அவருடைய மகள் ஜெஸீமா அனுப்பிய ஆள் சைக்கிளில் வந்து சொன்னார்.

“தந்திக் காக்கா மௌத்தாயிட்டாரு. பகல் லுஹருக்குப் பொறகு அடக்கம். உங்கள வரச் சொன்னா.”

கல்முனையில் நாங்கள் வேலை பார்த்த தபாற் கந்தோரில் எல்லோருக்கும் அண்ணன் முறையான ஹனீபாக் காக்கா தந்தி எடுப்பவர். நான் முத்திரை விற்பவள். எழுபத்தேழில் நான் அங்கே போன முதல் நாளே அவர் கேட்டார்: “தங்கச்சி, நாம இரிக்கிற எடம் போஸ்ட். தந்தியில வசனம் முடிஞ்சா ஸ்டொப். ரெண்டும் அதே நாலு எழுத்துத்தான், கவனிச்சீங்களா?” நான் கவனித்திருக்கவில்லை. “அதே நாலுல பானைகளும் இரிக்கி, பொட்ஸ்” என்று சிரித்தார்.

மத்தியானங்களில் தந்தி ஓய்ந்திருக்கும்போது இதுதான் அவருடைய விளையாட்டு. சில ஆங்கில எழுத்துகளை எடுத்துக்கொண்டு, அவற்றை இடம் மாற்றி எத்தனை சொற்கள் வரும் என்று பார்ப்பார். அட்டை கிழிந்த அகராதி ஒன்றில் பொருளைத் தேடித் தமிழில் எனக்குச் சொல்வார். ஒருநாள் ‘ஹார்ட்’ என்ற இதயத்தைக் கலைத்து ‘ஏர்த்’ என்ற மண்ணாக்கிவிட்டு, அகராதியை மூடிவைத்தார்.

ஆங்கிலம் தெரியாதவர்கள் வந்த தந்தியை அவரிடமே கொண்டுவருவார்கள். கெட்ட செய்தியென்றால் வாசிக்கமாட்டார். முதலில், “குந்துங்க” என்பார். தண்ணீர் கொடுப்பார். “வீட்டுக்கு எங்க போகோணும், வழியில ஆரு இரிக்காங்க?” என்று விசாரிப்பார். அதற்குள் வந்தவருக்கே விளங்கிவிடும்.

எழுபத்தெட்டுக் கார்த்திகையில் சூறாவளி அடித்தது. அதற்கு ஓரிரு நாள் கழித்து நாங்கள் கந்தோருக்குப் போனபோது கூரையில் பாதி இல்லை. தென்னைகள் தலையற்று நின்றன. தந்தித் தூண்கள் தெரு நெடுகிலும் விழுந்து கிடந்தன. நான் நனைந்த முத்திரைகளை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தேன். அவர் கருவியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது அது தட்டத் தொடங்கியது.

“லைன் வந்துட்டுதோ?” என்றேன்.

அவர் பென்சிலை எடுத்துக் கேட்டு எழுதினார். நின்றது. மறுபடி தட்டியது.

“எல், எஸ், என், டீ, ஐ, ஈ. மறுகா அதே ஆறும் வேற ஒழுங்குல வருது. திரும்பத் திரும்ப இந்த ஆறுதான்.”

“ஆரு அனுப்புறாங்க?”

கருவியின் பின்னால் கையை விட்டுக் கம்பியை இழுத்தார். முழங்கை நீளம்தான் வந்தது. அறுந்த முனையை அவர் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கும்போதே கருவி தட்டியது.

அவர் வழமைபோல எழுத்துகளை அடுக்கினார். “லிசன், கேளெண்டுறது. சைலண்ட், மௌனம். டின்சல், ஜிகினா. என்லிஸ்ட், படையில சேர்றது.” பென்சில் நின்றது. “இன்லெட்ஸ். கடல் உள்ளுக்கு வாற வாய். நம்மட ஆத்துவாய் மாதிரி.”

“காக்கா, காத்துக்கு ஏதோ தட்டுது. விடுங்க.”

“கேளெண்டா கேட்டாச்சி. ஊரே மௌனமாத்தான் கிடக்கு. ஜிகினாவுக்கும் படைக்கும் இப்ப என்ன அவசரம்? மிச்சமிருக்கிற ஒண்டுக்குப் போய்ப் பாப்பம்.”

விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நானும் கூடப் போனேன். உப்பங்கழியான களப்பு கடலோடு சேரும் அந்த ஆற்றுவாயில் மணல்மேடு உடைந்திருந்தது. ஒரு பறவைகூட இல்லை. தென்னங்கிடுகுக் கூரை ஒன்று முழுதாய்ப் பறந்துவந்து மணலில் கவிழ்ந்து கிடந்தது. அதன் வளைமரத்தில் தந்திக் கம்பித் துண்டொன்று சுற்றியிருந்தது. மறுமுனை தண்ணீருக்குள் போயிருந்தது.

இருவருமாகக் கூரையைத் தூக்கினோம். அடியில் ஒரு பெண். அவள் மடியில் சின்னப் பெண்பிள்ளை ஒன்று கண்களை விழித்துக்கொண்டு இருந்தது. ஹனீபாக் காக்கா குனிந்து அந்தப் பெண்ணின் கையைத் தொட்டார். விறைத்துக் குளிர்ந்திருந்தது. புயலன்றே போயிருக்க வேண்டும்.

“உம்மாவ எழுப்பாதீங்க” என்றது பிள்ளை. “இவ்வளவு நேரமும் தட்டிக்கிட்டுத்தான் இருந்தா. இப்பதான் நிப்பாட்டினா.”

பிள்ளை அழவில்லை. அவர் தோளில் சாய்ந்தபடி ஊர்வரை வந்தது. வழியில் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: “ஆரிட்டயும் கதைக்காதீங்க தங்கச்சி. சனம் இந்தப் பிள்ளையப் பாத்துப் பயப்படும்.” நான் கதைக்கவில்லை. இப்போது எழுதுவதும் ஜெஸீமாவிடம் கேட்டுத்தான். ஏனென்றால் அந்தப் பிள்ளைதான் ஜெஸீமா. தகப்பனையும் கடல் கொண்டுபோயிருந்தது. தேடி யாரும் வராததால் ஹனீபாக் காக்காவும் மனைவியும் வளர்த்தார்கள்.

அதன்பிறகு அவர் சொல் விளையாட்டைத் தொடவில்லை. அகராதியை யாருக்கோ கொடுத்துவிட்டார். ஒருமுறை காரணம் கேட்டேன். “ஒரு சொல்லுக்குத்தான் நான் போனன். மத்தச் சொல்லெல்லாம் என்னத் தேடி வருமோ எண்டு பயமாக் கிடக்கு” என்றார்.

ஜெஸீமாவின் கல்யாணத்துக்குப் பந்தலில் ஜிகினா கட்டியிருந்தார்கள். வந்து பார்த்த காக்கா, முகம் வெளிறி, எல்லாவற்றையும் அவிழ்க்கச் சொன்னார். கஞ்சன் என்று சம்பந்தி வீட்டார் முணுமுணுத்தார்கள். ஊர்ப் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் ஆயுதம் தூக்கப் போன வருடங்களில் பத்திரிகை வாசிப்பதையும் விட்டார். பிறகு பாரிசவாதம் வந்து பேச்சு நின்றது.

போன மாதம் பார்க்கப் போனேன். ஜெஸீமாவின் உள்ளங்கையில் அவருடைய விரல் விட்டு விட்டுத் தட்டிக்கொண்டிருந்தது.

“இத்தனை வருசம் ஒண்டா வேல பாத்தும் எனக்கு இந்தத் தட்டு விளங்காது, பிள்ளை” என்றேன்.

“எனக்கு விளங்கும், மாமி. குளிருதாம். போர்வை கேக்காரு.”

“வாப்பா படிப்பிச்சவரோ?”

“இல்ல” என்றாள். “ஆரும் படிப்பிக்கல்ல.”

போர்வையை இழுத்துவிட்டாள். விரல் ஓய்ந்தது. வெயில் கொளுத்திய அந்தப் பகலில் நான் சேலைத் தலைப்பால் தோளை மூடிக்கொண்டேன்.

இன்று லுஹருக்குப் பின் அவரைக் கிடத்திய சந்தாக்கை ஆண்கள் தோளில் எடுத்தார்கள். நாங்கள் பெண்கள் வாசற் படலையோடு நின்றோம். தெருவில் கடைக்காரர்கள் கதவைப் பாதி சாத்திவிட்டு இறங்கி நடந்தார்கள். எங்கள் பாண்டிருப்பு ஆட்களும் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். கூட்டம் கடற்கரைப் பக்கம் திரும்பி மறைந்தபோது ஜெஸீமா என் தோளில் முகத்தைப் புதைத்து, வாய்விட்டு, ஒரு சின்னப் பிள்ளையைப் போல அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

அவளை நான் பார்த்துக்கொள்கிறேன், காக்கா. நீங்கள் நிம்மதியாகப் போங்கள்.