நாலாம் நம்பர் தொட்டில்

டிஷ்யூ காகிதத்தை விரல் அகலத்துக்குக் கிழித்து, கதவின் அடியிடுக்கில் பிடித்தபடி தரையோடு தரையாகப் படுத்திருந்தார் மாமா. காகிதம் வெளிப்பக்கமாகப் படபடத்தது. "நல்ல பிள்ளை" என்று கதவைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்தார். சட்டைப் பை நிறைய இப்படிக் காகிதக் கிழிசல்கள்.

என் அக்காவின் கணவர். ஆஸ்பத்திரி அறைகளுக்குக் காற்று எப்படி வந்து எப்படிப் போக வேண்டும் என்று வரைந்து கொடுக்கிற இன்ஜினியர். மாதம் நிறையும்வரை பொறுக்காமல் அவசரப்பட்டு வந்துவிட்ட குழந்தைகளின் வார்டு என்றால் அவருக்குச் சோறு இறங்காது. சுத்தமான காற்று உள்ளிருந்து வெளியேதான் போக வேண்டும். வராந்தாக் காற்று துளிகூட உள்ளே வரக்கூடாது. அதற்காகக் குழந்தை மேலே வீசவும் கூடாது. "உள்ளங்கை அளவு உடம்புடா. நமக்குச் சும்மா காத்து, அதுக்கு ஜன்னி."

ஓட்டலுக்குப் போனாலும் ஏசி காற்று படாத மேசை தேடி மூன்று முறை இடம் மாறுவார். சர்வர்கள் பல்லைக் கடிப்பார்கள். "கல்யாண மண்டபத்துலயே இவரு என்னைப் பார்க்கல, மேல இருந்த ஃபேனத்தான் பார்த்துக்கிட்டிருந்தாரு" என்று அக்கா இன்றும் அங்கலாய்ப்பாள். அவள்தான் காலையில், "ராத்திரி பூரா தூங்கல அவரு, வண்டிய நீ ஓட்டு" என்று என்னைத் துணைக்கு அனுப்பினாள்.

அன்று புது வார்டு திறப்பு. பத்து மணிக்கு ஒன்பது குழந்தைகளை மாற்ற வேண்டும். பழைய வார்டில் கூரை ஒழுகிச் சுவரெல்லாம் பூஞ்சணம். இனி ஒரு நாள்கூட அங்கே வைக்க முடியாதாம். மாமா கையெழுத்துப் போட்டால்தான் ஒன்பதும் இங்கே வரும். மணி எட்டே முக்கால்.

கதவு சரி. அடுத்து ஒவ்வொரு தொட்டிலின் மேலும் காகிதத்தைத் தொங்கவிட்டார். எல்லாம் மேலே ஹீட்டர் வைத்த திறந்த தொட்டில்கள். முதல் மூன்றில் காகிதம் அசையவில்லை. நான்காவதில் நாய் வால் மாதிரி ஆடியது.

அண்ணாந்து பார்த்தோம். நேர் மேலே, கூரையில் காற்று வரும் வாய்.

"இங்க நர்ஸ் மேசைதானே இருக்கணும்? என் டிராயிங்ல மேசைதான் இருக்கு!"

தலைமை நர்ஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "இங்க மேசை போட்டா, மூலையில இருக்கற ரெண்டு தொட்டிலையும் தூண் மறைக்குது சார். குழந்தை நீலமாயிட்டா யாருக்குத் தெரியும்? அதான் கதவுப் பக்கம் மாத்திட்டோம். வரையறதுக்கு முன்னாடி எங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அறையை மில்லிமீட்டர் சுத்தமாக அளந்த மனிதர், எங்கே உட்காருவீர்கள் என்று ஒருவரையும் கேட்கவில்லை. எனக்கே எரிச்சலாக வந்தது. பாவமாகவும் இருந்தது.

"தப்பு என்னோடதுதாம்மா. தொட்டில கொஞ்சம் தள்ளிப் போட முடியாதா?"

"ஆக்சிஜன் குழாயயும் இங்கயே மாத்திப் போட்டாச்சே சார்? அதுல படுக்கப் போறதுதான் இருக்கறதுலயே சின்னது. எண்ணூத்தி நாப்பது கிராம்."

வாயை அடைத்துவிடலாம் என்றேன் நான். "அடைச்சா உள்ள காத்து குறைஞ்சு வராந்தாக் காத்து வந்துரும், வாய மூடு" என்றார் மாமா. ஏணி வந்தது. கூரையில் அந்தக் காற்று வாயின் தகடுகளை ஒவ்வொன்றாகச் சுவர்ப் பக்கம் திருப்பினார். நான்காம் தொட்டிலில் காகிதம் அடங்கியது. மறுபடி கதவு, மறுபடி ஒன்பது தொட்டில். எல்லாம் சரி.

"போதும் சார், பத்தாகப் போகுது" என்றார் நர்ஸ். வராந்தாவில் முதல் தள்ளுவண்டி உருண்டு வரும் சத்தம் கேட்டது.

"காகிதத்துக்குக் குளிராதேம்மா. ஈரத் தலைக்குத்தான் தெரியும்."

ஹீட்டரை அணைக்கச் சொல்லிவிட்டு, வார்டுக்காக மாட்டியிருந்த தொப்பியைக் கழற்றி, குழாயடியில் வழுக்கைத் தலையைக் காட்டி நனைத்துக்கொண்டு நான்காம் தொட்டிலுக்கு வந்தார்.

"ஐயோ, விரிப்பு!" என்று பதறிய நர்ஸ், அவர் முகத்தைப் பார்த்ததும், "சரி, நான் வேற மாத்திக்கிறேன். சீக்கிரம்" என்றார்.

மாமா முட்டி போட்டு, குழந்தை தலை வைக்கப் போகும் இடத்தில் ஈரத்தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"குளிருதா மாமா?"

"இல்ல."

நர்ஸ் கையெழுத்துத் தாளையும் பேனாவையும் நீட்டினார். மாமா கையை மட்டும் நீட்டிப் பேனாவை வாங்கிக்கொண்டார். தலையை எடுக்கவில்லை.