மட்டன் என்று எழுதிய நோட்டு

“இந்தக் கை இன்னாத்தத் தூக்கும் பாப்பா? எங்கடைக் கத்தியக்கூடத் தூக்காது” என்று கறிக்கடை ரஹீம் பாய் சிரித்த அந்தக் காலையில், புளியங்கட்டையின் மேல் கத்தி விழுகிற சத்தம் தெருமுனை வரை கேட்டது. ஈரக் கறியின் வாடையோடு, நாங்கள் ‘தோல் ஷாப்பு’ என்று சொல்லும் பதனிடும் கொட்டகையின் சுண்ணாம்பு வாடையும் சேர்ந்து வருவது ஆம்பூரில் எங்கள் தெருவின் வழக்கம். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அது வாடையே இல்லை.

பள்ளியில் நான் எடை தூக்கப் பழகுகிறேன் என்று அவரிடம் பெருமையாகச் சொன்னது அம்மாதான். “சிரி பாய், சிரி. எம்பொண்ணு மெடலோட வருவா. அன்னிக்கு நீ ஓசியில கறி குடுக்கணும்” என்றாள். “மெடல் வரட்டும், ஒரு கிலோ தரேன். எலும்பு இல்லாம” என்றார் அவர். மாட்டுக்கறி அரைக் கிலோ தூக்குச்சட்டியில் விழுந்தது.

அப்போது நான் பத்தாம் வகுப்பு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா தோல் ஷாப்பில், தோலைப் போட்டுச் சுழற்றி ஊறவைக்கும் ‘டிரம்’ ஓட்டுபவர். அம்மா ஷூவின் மேல்தோலை வீட்டிலேயே உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுப்பவள். இருவருக்கும் கையெழுத்துப் போடத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. பத்து முடித்ததும் என்னை ஷூ கம்பெனியில் சேர்த்துவிடுவதாக அப்பா சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அதற்கு ஒரே மாற்று, மாவட்டப் போட்டியில் முதல் இரண்டு இடங்களில் ஒன்றைப் பிடித்து, விளையாட்டு விடுதியோடு உள்ள பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு சேர்வது. “எடம் கெடைச்சா படி. கெடைக்கலன்னா கம்பெனி” என்று அப்பா சொன்னதில் கோபம் எதுவும் இல்லை, அவரால் முடிந்த அளவு அவ்வளவுதான்.

எங்களுக்குப் பயிற்சி தந்த மல்லிகா டீச்சர், ஆளுக்கு ஒரு நோட்டு கொடுத்து, தினமும் என்ன சாப்பிட்டோம் என்று எழுதிவரச் சொன்னார். வீட்டில் அநேகமாக தினமும் மாட்டுக்கறிதான். குழம்பு, வறுவல், வால் சூப்பு, மழை நாளில் கொடியிலிருந்து இறக்கிச் சுடுகிற ‘உப்புக்கண்டம்’. முன்பெல்லாம் கறித்துண்டு அப்பா தட்டுக்கும் இன்னும் பள்ளிக்குப் போகாத தம்பி தட்டுக்கும் போகும், எனக்கும் அம்மாவுக்கும் சாறு வரும். நான் எடை தூக்க ஆரம்பித்த பிறகு, யாரும் பேசி முடிவெடுக்காமலே, கரண்டி முதலில் என் தட்டின் பக்கம் திரும்பியது.

ஆனால் நோட்டில் அதை எழுத எனக்குக் கை வரவில்லை. வகுப்பில் ஒருமுறை என் டிபன் பாக்ஸைத் திறந்தபோது பக்கத்துப் பெண் பெஞ்சை விட்டு எழுந்து போயிருந்தாள். ஆகவே ‘மட்டன்’ என்று எழுதினேன். மட்டன் தினமும் வாங்குகிற வீடு எங்களுடையது இல்லை என்பது டீச்சருக்குத் தெரியும் என்பதால், ‘வாரம் ஒரு நாள், நான்கு துண்டு’ என்று அளவையும் குறைத்தேன். மற்ற நாள்களுக்கு ரசம், முட்டை, கீரை என்று நிரப்பினேன். வீட்டில் அதைப் படித்துப் பார்க்க யாருமில்லை.

நோட்டைப் பார்த்த டீச்சர் நொந்துபோனார். “இவ்வளவு கம்மியாத் தின்னா சதை எப்பிடிம்மா வைக்கும்? உன் பிரிவு நாப்பத்தஞ்சு கிலோ. நீ நாப்பத்து மூணரைதான் இருக்கே. இன்னும் ஒண்ணரை கிலோ ஏறலாம், பயப்படாம சாப்பிடு.” பள்ளியில் எடை பார்க்கும் இயந்திரம் இல்லை. பஸ் ஸ்டாண்டில் காசு போட்டால் கலர் விளக்கு சுற்றி அட்டை துப்புகிற இயந்திரம் ஒன்றுதான் எங்களுக்குக் கணக்கு.

வீட்டுக்கு வந்து “டீச்சர் இன்னும் சாப்பிடச் சொன்னாங்க” என்றேன். அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த வருடம் பக்ரீத், போட்டிக்கு மூன்று நாள் முன்னால் வந்தது. பக்கத்துத் தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கறி வந்தது. “எடை தூக்குற பொண்ணுக்கு” என்று ஈரலைத் தனியாகக் கட்டி அனுப்பியிருந்தார் ரஹீம் பாய். மிஞ்சியதற்கு அம்மா உப்புத் தடவினாள். மூன்று நாள் தின்றேன், மூன்றாம் நாள் காலைக் கஞ்சிக்கும் சுட்ட உப்புக்கண்டம்தான்.

வேலூரில் போட்டி. எடை பார்க்கும் அறைக்குள் அம்மாவும் என்னோடு வந்தாள். தராசில் ஏறினேன். அங்கிருந்த அம்மையார் எண்ணைப் பார்த்து, “நானூறு கிராம் ஜாஸ்தி” என்றார். அம்மா முகமெல்லாம் மலர்ந்து, “நல்லாத் துன்னுதுங்க மேடம்! எல்லாம் வூட்டுச் சாப்பாடுதான்” என்றாள். அறையில் யாரும் சிரிக்கவில்லை. “எடை ஜாஸ்தியானா இந்தப் பிரிவுல தூக்க முடியாதும்மா” என்று அவர் விளக்கியபோது, அம்மாவின் சிரிப்பு அணையச் சற்று நேரம் பிடித்தது.

ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினேன். எச்சிலைத் துப்பித் துப்பி நாக்கு வறண்டது. அம்மா தண்ணீர்ப் பாட்டிலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வெயிலில் நின்றாள். மறுபடி ஏறியபோது இன்னும் நூற்றைம்பது கிராம் மிச்சம் இருந்தது. என் பெயரை நாற்பத்தொன்பது கிலோ பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே, அதுவரை தூக்காத எடையை அன்று தூக்கினேன், மூன்றாவதாக வந்தேன். என் பழைய பிரிவில் ஜெயித்த பெண் தூக்கியது, நான் பயிற்சியில் தினமும் தூக்குகிற எடை.

திரும்பும் பஸ்ஸில் டீச்சர் என் நோட்டை மடியில் விரித்தார். “வாரம் ஒரு நாள் மட்டன், நாலு துண்டு. இதுல எப்பிடி ரெண்டு கிலோ ஏறுச்சு?” என்றார்.

“இன்னா எழுதிக் கீறா டீச்சர்?” என்றாள் அம்மா. டீச்சர் ஒரு பக்கம் வாசித்துக் காட்டினார். அம்மா கேட்டு முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். “மட்டனா? நம்ம வூட்டுல மட்டன் எப்படி வந்துச்சு? மாட்டுக்கறி டீச்சர். டெய்லி துன்னுவா.” முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்; அம்மா குரலைத் தாழ்த்தவில்லை. பிறகு என்னிடம், “எழுதத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான்டி வூட்டுல. நீயே இப்பிடி எழுதுனா?” என்றாள். டீச்சர் நோட்டை மூடிவிட்டு, “எங்கிட்டச் சொல்லியிருந்தா, இது போதும், அளவோட நிறுத்துன்னு சொல்லியிருப்பேனே கண்ணு” என்றார்.

மறுநாள் ரஹீம் பாய், சொன்னபடியே, எலும்பில்லாமல் ஒரு கிலோ கொண்டுவந்து கொடுத்தார். மூன்றாம் இடத்துக்கும் மெடல் உண்டு, வெண்கலம்; அவருக்கு மெடல் என்றால் மெடல்தான். “கத்தியத் தூக்கிட்ட பாப்பா” என்றார். அந்தக் கறி தட்டில் இருக்கும்போதுதான் அப்பா, “எடம் போச்சில்ல, கம்பெனில சொல்லிடறேன்” என்றார்.

“சொல்லு. அந்த எடத்துக்கு நான் போறேன்” என்றாள் அம்மா.

“நீயா? வெடிகாலைல பஸ் வரும், தெரியுமா?”

“தெரியும். மூணு நாளு திங்கவெச்சவ நான். அவ இங்கயே இருக்கற ஸ்கூலுல படிக்கட்டும்.” அப்பா தன் தட்டிலிருந்த இரண்டு துண்டுகளை எடுத்து அம்மா தட்டில் வைத்தார். என் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மாதத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் அம்மா ஏறினாள். உள்ளூரிலேயே பதினொன்றாம் வகுப்பில் நான் சேர்ந்தேன்.

உடற்கல்வி படித்து, இன்று நானே ஒரு பள்ளியில் பெண்களுக்கு எடை தூக்கக் கற்றுக்கொடுக்கிறேன். கறி மட்டுமே தசையைக் கட்டிவிடாது, சோறும் பருப்பும் தூக்கமும் வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். உப்பு தோலிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது, உடம்புக்குள் போனால் நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது; அன்று தராசில் கூடிய எடையில் அந்த நீரும் இருந்தது. தோல் ஊரில் பிறந்தும் அதை நான் புத்தகத்தில்தான் படிக்க வேண்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் கலர் விளக்கு இயந்திரம் இல்லை. ரஹீம் பாயின் மகன் கண்ணாடிப் பெட்டிக்குள் கறியைக் குளிரவைத்து விற்கிறார், புளியங்கட்டை போய்விட்டது. டிபன் பாக்ஸைப் பாதி மூடியபடி சாப்பிடும் பெண்கள் மட்டும் இன்னும் இருக்கிறார்கள்.

போன மாதம் என் மாணவிகளுக்கான உணவு நோட்டை அச்சடிக்கக் கொடுத்தேன். முட்டை, கோழி, மீன், ஆட்டுக்கறி என்று வரிசையாக எழுதி, அதன் கீழ் மாட்டுக்கறிக்குத் தனி வரி போட்டிருந்தேன். “இந்த வரி வேணுமா மேடம்?” என்று அச்சகத்தில் கேட்டார்கள். வேண்டும் என்றேன். நோட்டுகள் வந்ததும், எப்படி நிரப்புவது என்று காட்டுவதற்காக, ஒன்றின் முதல் பக்கத்தை என் பெயரிலேயே நிரப்பிக் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். திங்கள், மதியம்: சோறு, கீரை, மாட்டுக்கறி நூறு கிராம். சமைத்தது அம்மா.