அக்காவின் காதும் அம்மாவின் சங்கிலியும்

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. அக்கா காலை ஐந்தரைக்கு எழுந்தார். ஆறேகாலுக்குச் சோறு வடித்தார். ஏழு பத்துக்குக் கீரனூரில் திருச்சி பஸ் ஏறினார். வழக்கம்போல் இடப்புற ஜன்னலோரம். கேளாத இடது காதை ஜன்னலுக்குக் கொடுத்துவிட்டு, வலது காதை மனிதர்களுக்கு வைத்துக்கொள்வார். இவ்வளவும் என் நாட்குறிப்பில் உள்ளது. அன்று மாலை நடந்ததும் உள்ளது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது அன்னவாசலில். அவருக்கு ஒன்பது வயது, எனக்கு ஆறு வயது இருக்கும்போது இருவருக்கும் ஒரே வாரத்தில் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னம் வீங்கினால் கழுத்தில் பொன் போடுவது வழக்கம். வீட்டில் இருந்தது ஒரே சங்கிலி. அம்மா அதை எனக்குப் போட்டார். நான் பத்தாம் நாள் பள்ளிக்குப் போனேன். அக்காவுக்கு இடது காது போயிற்று.

"ஆம்பளப்புள்ளைக்குச் சங்கிலி, பொட்டப்புள்ளைக்குச் செவிடா? நல்ல தாயிதான்" என்றார் பெரிய அத்தை. அதையே, இதைப் படிக்கும் சொந்தக்காரர்களில் பலரும் கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் நாற்பது ஆண்டுகளாகச் சொன்னீர்கள். அம்மா அந்தச் சங்கிலியைப் பெட்டியில் வைத்தவர், பிறகு அணியவே இல்லை. அக்காதான் சொல்வார்: "இந்தப் பேச்செல்லாம் எடது பக்கமா வந்து பேசுங்க அத்தை, கொறையில்லாமக் கேட்டுக்கிறேன்."

அக்கா படித்துத் திருச்சி லேப் ஒன்றில் டெக்னீஷியன் ஆனார். பொன்னுக்கு வீங்கி வைரஸில் பல மரபணு வகைகள் உண்டு என்று அங்கேதான் அறிந்தார். "எனக்கு வந்தது கடுமையான வகையா இருக்கும்மா, தம்பிக்கு வந்தது லேசானது" என்று அம்மாவிடம் சொன்னார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா இருபது ஆண்டுகள் இருந்தார்.

பிறகு ஒரு வீட்டின் அண்ணன், தங்கை இருவருக்கும் அதே நோய் வந்தது. கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தடவி மாதிரி எடுத்தவர் அக்கா. அண்ணனுக்கு வீக்கத்தோடு போயிற்று. தங்கைக்கு மூளைக்காய்ச்சல் வந்தது; பிழைத்துக்கொண்டாள். மரபணு ஆய்வின் முடிவு மார்ச் 11 அன்று வந்தது. இருவரிடமும் இருந்தது ஒரே வகை. சிறு வேறுபாடுகூட இல்லை.

மாலை வீடு திரும்பியதும் அக்கா என்னிடம் சொன்னார். "அம்மாகிட்டச் சொல்லாம விட்ரலாமேக்கா" என்றேன்.

"தப்பாச் சொன்னத நான்தானேடா திருத்தணும்."

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப, சங்கிலிதானா?" என்றார்.

"இல்லம்மா. அந்தப் புள்ளைங்க ரெண்டு பேர் கழுத்துலயும் சங்கிலி கெடந்துச்சு. நானே பாத்தேன். ஒரே கிருமி, ஆளுக்கொரு சங்கிலி. அப்பவும் ஒருத்தருக்கு லேசு, ஒருத்தருக்குக் கடுமை. ரெண்டு புள்ளைய வச்சு கிருமி வகையப் பத்தி முடிவு சொல்ல முடியாது. ஏன்னு எனக்குத் தெரியல. தெரியாததுக்கு ஒன் தலையில பழி போட எவருக்கும் பாத்தியதை கெடையாது."

ஏழு மாதங்கள் கழித்து, ஐப்பசியில், மாரடைப்பால் அக்கா போய்விட்டார். காரில் தூக்கிக்கொண்டு ஓடிய பக்கத்து வீட்டாருக்கும், உடன் வேலை பார்த்தவர்களுக்கும், இத்தனை ஆண்டுகளும் மறவாமல் அவரது வலப்பக்கம் நின்று பேசியவர்களுக்கும் எங்கள் நன்றி. பழி பேசியவர்களும் இன்று பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருக்கிறீர்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஆனால் அந்தப் பேச்சை இனி இந்த வீட்டில் எடுக்காதீர்கள். எடுத்தால் பதில் சொல்ல நான் இருக்கிறேன்.

நாட்குறிப்பில் மறுநாள் பக்கம்: மார்ச் 12, புதன்கிழமை. காலை ஆறு மணிக்கு அம்மா முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்தார். சங்கிலியைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவிக் கழுத்தில் போட்டார். பின்கழுத்தில் கொக்கி விழவில்லை. அக்கா பின்னால் போய் நின்று மாட்டிவிட்டார்.