சில்வர் ஓக்கில் ஏறிய ஷிராஸ்

எஸ்டேட்டில் ரைட்டர் என்கிற கணக்குப்பிள்ளை வேலை என்பது, முதலாளி காணும் கனவுக்கு மறுநாள் காலையில் ஆள் பிரித்து அனுப்புகிற வேலை. வெளிநாடு போய்விட்டு வந்த முதலாளியிடம் சம்பளம் வாங்கியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள், சும்மா படியுங்கள்.

மிளகு வாசம்

ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டுக்குப் பக்கத்தில் நான் ரைட்டராக இருந்த காப்பி எஸ்டேட்டின் முதலாளி பிரான்ஸ் போய்த் திரும்பினார். வந்ததும் என்னையும் மேஸ்திரி பழனியம்மாக்காவையும் பங்களா வாசலில் நிற்க வைத்து ஒரு பிரசங்கம். ஷிராஸ் என்று ஒரு கறுப்புத் திராட்சை, சிவப்பு ஒயினுக்கானது. கொடி ஒன்றுதான். ஆனால் பிரான்சின் குளிர்ந்த சரிவில் வைத்தால் ஒயினில் மிளகு வாசம் வருமாம், ஆஸ்திரேலிய வெயிலில் வைத்தால் ஜாம் மாதிரி இருக்குமாம், நாசிக்கில் இன்னொரு மாதிரியாம். "ஏற்காட்டுல வெச்சா என்ன வரும்? யாருக்கும் தெரியாது!" என்றார்.

அது தெரிவதற்குக் கீழ்ச்சரிவில் ஒரு ஏக்கர் காப்பியை வெட்ட வேண்டும். எஸ்டேட்டில் கடைசியாகப் பழுக்கிற இடம் அது. மற்ற இடங்களில் பழம் எடுத்து முடித்த பிறகும் பழனியம்மாக்காவுக்கும் அவர் கூட்டிவரும் எட்டுப் பெண்களுக்கும் அங்கேதான் வேலை இருக்கும். இது எனக்குத் தெரியும். இந்த மழைக்கும் பனிக்கும் திராட்சை தாங்காது என்பதும் தெரியும். "செஞ்சிடலாமுங்க" என்றேன். பழனியம்மாக்காதான் வாயைத் திறந்தார்: "ஏனுங்க மொதலாளி, மொளகு வாசந்தான் வேணும்னா நம்ம மொளகையே ரெண்டு தட்டிப் போட்டுக்கலாமுங்களே?"

கொடி ஏறும் இடம்

காப்பி போனது. நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரங்களை வெட்ட மட்டும் அனுமதி வரவில்லை. திராட்சைக் கன்றுகள் வந்து இறங்கின. கொடி படரக் கல்தூணும் கம்பியும் வாங்கச் சேலம் போன நான் மூன்று நாள் அலைந்துவிட்டுத் திரும்பினால், ஒரு கன்றுகூட மிச்சமில்லை. ஒவ்வொரு சில்வர் ஓக்கின் அடியிலும் ஒரு ஷிராஸ், மிளகுக்கொடியைக் கட்டுகிற மாதிரியே மரத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. வெயிலுக்கு ஏங்குகிற செடி நல்ல நிழலில் நின்றது. கத்தினேன். "கொடின்னா மரத்துலதானுங்க ஏறோணும்" என்றார் பழனியம்மாக்கா, எனக்குத் தொழில் தெரியவில்லையே என்ற வருத்தத்தோடு.

பிடுங்கி நடுவதற்குள் முதலாளி ஒரு விருந்தாளியோடு ஜீப்பில் வந்துவிட்டார். வேலை போச்சு என்றே நினைத்தேன். விருந்தாளி மரத்தை அண்ணாந்து பார்த்தார். இத்தாலியில் அந்தக் காலத்தில் இப்படித்தான் மரத்தில் ஏற்றுவார்கள் என்று சொல்லிக் கைதட்டினார். முதலாளிக்கு ஒரு கணம்கூட ஆகவில்லை. "பின்னே? நான்தான் இப்படிக் கட்டச் சொன்னேன்!"

போர்டோ மருந்து

அப்புறம் யார் பிடுங்குவது? கல்தூண்கள் வேலிக்குப் போயின, திராட்சை மரத்திலேயே நின்றது. ஆனி பிறந்ததும் மழை, மழை விட்டால் பனிமூட்டம். இலைக்கு அடியிலெல்லாம் வெள்ளைப் பூஞ்சணம். மிளகுக்கு அடிக்கிற போர்டோ மருந்தையே, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து, ஏணி போட்டு அடித்தோம். அந்த மருந்தே பிரான்சின் போர்டோ பக்கத்தில் திராட்சைக்காகக் கண்டுபிடித்தது என்று முதலாளி விருந்தாளிகளிடம் பெருமையடிப்பார். முகமெல்லாம் நீலம் படிந்து ஏணியிலிருந்து இறங்கிய பழனியம்மாக்கா ஒரு நாள் கேட்டுவிட்டார்: "அப்ப அந்த ஊருக்காரங்களும் நம்மளாட்டவே நொம்ப அவதிப்படறாங்களாங்க?"

இரண்டு கூடை

மூன்றாம் வருஷம் காய்த்தது, இருபதடி உயரத்தில். கொண்டைக்குருவியும் வௌவாலும் தின்றது போக, மிளகு ஏணியில் ஏறிப் பறித்ததில் இரண்டு கூடை தேறியது. கம்பத்துத் திராட்சைத் தோட்டங்களுக்கு ஆலோசனை சொல்கிற ஒருவரை முதலாளி வரவழைத்தார். அவர் ஒரு பழத்தை வாயில் போட்டார், முகம் கோணியது. இனிப்பை அளக்கிற சின்னக் கருவியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கருவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நானும் ஒன்றைத் தின்றேன். மிளகும் இல்லை, ஜாமும் இல்லை. புளிப்பு, அதன் பின்னால் கொஞ்சம் துத்தம். "மண்ணோட குணம்னு சொல்லிக்கலாமா?" என்று முதலாளி மெதுவாகக் கேட்டார். வந்தவர் எதிர்ச்சரிவைப் பார்த்தபடி சொன்னார்: "இங்க காப்பி நல்லா வருதுல்ல? பின்ன எதுக்கு சார் இதை வெச்சீங்க?"

பஸ் ஸ்டாப்பில்

திரும்பக் காப்பி வைத்தோம். அது காய்க்க இன்னும் மூன்று நான்கு வருஷம். அந்தச் சரிவை நம்பியிருந்த எட்டுப் பெண்களால் அதுவரை காத்திருக்க முடியுமா? இரண்டு பேர் திருப்பூர் போனார்கள், மற்றவர்கள் ஏற்காட்டு லாட்ஜுகளில் ரூம் கூட்டப் போனார்கள். பழனியம்மாக்காவும் லாட்ஜுக்குத்தான். பஸ் ஸ்டாப்பில் பார்த்தபோது, "திராட்சை வராதுன்னு உங்களுக்கு மொதல்லயே தெரியுமுங்களா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். அவர் கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை. "நாங்க சொன்னாச் சிரிப்பாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தாக் கேட்டிருப்பாங்களுங்க."

ஒரே திராட்சை ஊருக்கு ஊர் குணம் மாறுமாம், எங்கள் ரைட்டர் இனம் மட்டும் எந்த மலையில் கொண்டுபோய் வைத்தாலும் தலையைத்தான் ஆட்டும்.