பாதி ரொட்டி

இரத்தினபுரிப் பக்கமாகச் சிவனொளிபாத மலை ஏறுகிறோம். கெம்பஸில் கூடப் படிக்கும் நதீஷா, கொண்டுவந்த ஓட்ஸ் பாரையெல்லாம் தின்று தீர்த்தும், இனி ஏற முடியாது என்று படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் ரொட்டிப் பொதியை அவிழ்த்தேன். மிளகாய் இடித்த கட்டச் சம்பல் வாசத்தில் எனக்கு மறுபடி பத்து வயதாகிவிட்டது.

அன்றும் இதே பாதைதான். அப்பா பால் வெட்டப் போகும் றப்பர் மலைக்குத் தினமும் கொண்டுபோகும் தடித்த கோதுமை ரொட்டியே வழிச்சாப்பாடு. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். கூட வந்த வகுப்புத் தோழிகள் முன்னால் அதைத் தின்ன வெட்கம்.

"பிஸ்கட் போதும்ப்பா" என்றேன்.

செங்குத்துப் படிகளில் கால் ஓய்ந்து உட்கார்ந்தேன். அப்பா திட்டவில்லை. ரொட்டியை இரண்டாகப் பிய்த்தார்.

"எனக்கு முழுசா திங்க ஏலாது புள்ள. பாதிய நீ தின்னு, பைப் பாரமாவது கொறையட்டும்."

தோழிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தின்றேன். உச்சிவரை நடந்தேன். இறங்கும் வழியில் பசிக்கிறது என்றதும் அப்பா பையைத் திறந்தார். அவருடைய பாதி, கடிபடாமல் அப்படியே இருந்தது.

இப்போது எனக்கும் பசிதான். இருந்தாலும் ரொட்டியைப் பிய்த்து, அப்பா சொன்ன பொய்யை நதீஷாவிடம் சிங்களத்தில் சொன்னேன்.